தேதி சரிபார்த்தவர்

மார்ச் 3

என் செல்லச் சின்னவளுக்கு,

அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் நலம். நர்ஸ் வேலை என்று உன் உடம்பைக் கரைத்துக்கொள்ளாதே.

உன் அத்தானே வாய்விட்டு, “ரெண்டு பேரும் கவுன்சிலிங் போவோம்”னு சொன்னார்! பதினோரு வருஷம் வேண்டியது இப்போதுதான் சாமி காதில் விழுந்திருக்கிறது. வருத்தங்களைத் தனித்தனியே எழுதி வரச் சொன்னாராம் கவுன்சிலர் அம்மா. என்னைத்தான் தெரியுமே, ஒரு நோட்டில் நாள் கிழமையோடு பதினாலு பக்கம் எழுதிவிட்டேன். போகலாம்தானே?

என் போனை அவர்தான் வைத்திருக்கிறார். பதிலைப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா விலாசத்துக்குப் போடு.

அக்கா

மார்ச் 7

அன்பு அக்கா,

வெறும் வாய்ச்சண்டை, முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது மட்டும்தான் என்றால் நானே உங்கள் இருவரையும் தள்ளிக்கொண்டு போய் விடுவேன். ஆனால் போன வருஷம் உன் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டபோது பக்கத்தில் நின்றவள் நான். அத்தான் அருகில் இருக்க, அது எப்படி உடைந்தது என்று சொல்வாயா? சொல்லிவிட்டு அவரோடு வீடு திரும்புவாயா? முடியாதென்றால் அது ஜோடியாகப் போகிற இடமில்லை. முதலில் நீ மட்டும் போ. நோட்டை அவர் கண்ணில் காட்டாதே.

உன் தங்கை

மார்ச் 14

சின்னவளுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் காட்டிவிட்டேன். ஒரு தேதி தப்பினாலும் பொய் சொன்ன பாவமாச்சே என்று அவரிடமே சரிபார்க்கக் கொடுத்தேன். திட்டாதே. பேனாவோடு உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். “எல்லாம் சரி. உன்னை உள்ள வச்சுப் பூட்டினது மட்டும் செவ்வாய் இல்ல, திங்கள்” என்று திருத்திக் கொடுத்தார்.

நேற்று போனோம். “வீட்ல பயமா இருக்கா?” என்று அந்த அம்மா கேட்டார். இவர் என் கையைப் பிடித்து, “சொல்லும்மா, கூச்சப்படாத” என்றார். இல்லை என்றேன். நோட்டைக் கேட்டபோது, “மறந்துட்டு வந்துட்டா” என்று இவரே சொன்னார். அது என் பையில்தான் இருந்தது.

திரும்பும்போது கார் நம் தெருவைத் தாண்டிப் போனது. பாலத்து நடுவில் நிறுத்தினார். “அடுத்த வியாழனும் இதே மாதிரி நல்லாப் பேசு” என்றார். அவ்வளவுதான்.

அக்கா

மார்ச் 17

அக்கா,

கூரியரில் அனுப்புகிறேன். வியாழன் வரை காத்திருக்காதே. புதன் அவர் வேலைக்குப் போனதும் நோட்டோடு தனியாகப் போ. சாமி கோபித்துக்கொள்ளாது. கோபித்தால் என்னிடம் அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன்.

தங்கை

மார்ச் 19

சின்னவளே,

தனியாக வந்துவிட்டேன். அந்த அம்மா அதே கேள்வியைக் கேட்டார். ஆமாம் என்றேன். நோட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்தார். “இனி உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வைக்க மாட்டேன். இன்னைக்கு வீட்டுக்குப் போகாதீங்க” என்று சொல்லிவிட்டு, நான் தங்க இடம் கேட்டு யாருக்கோ போன் செய்துகொண்டிருக்கிறார். இந்தத் தாளும் அவர் கொடுத்ததுதான், அவரே தபாலில் சேர்ப்பார்.

வெளியே உன் அத்தான் குரல். யார் சொன்னார்களோ. கத்தவில்லை. ரொம்ப மரியாதையாக, “என் மனைவி உள்ள இருக்காங்களா? கூட்டிட்டுப் போக வந்தேன்” என்கிறார்.

அந்த அம்மா போய்க் கதவைத் தாழிட்டார். இப்போது வெளியிலிருந்து உன் அத்தான் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்.

நான் எழுந்திருக்கவில்லை.

அக்கா