அன்னாசி டின், பட்டாணி டின்

ஜூன் 3, செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நாள், நான் லீவு. ஊத்துக்கோட்டையில் பஸ் ஏறி திருவள்ளூர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது. எளாவூர் செக்போஸ்ட் வரிசையில் லாரியை நிறுத்திவிட்டுப் பாட்டுப் பாடிய மனிதர். இப்போது பஸ் படி ஏறக் கை கொடுக்க வேண்டும்.

சாப்பாட்டின் மேல் வெறுப்பு. எல்லாம் வேகவைத்துத் தண்ணீர் வடித்தது. "மாட்டுக்குக்கூட இத்தப் போட மாட்டாங்க மேரி."

நான் வேலை செய்யும் டின் உணவுக் கம்பெனியில் நசுங்கின டின்களை எங்களுக்கே தருகிறார்கள். அன்னாசி, பட்டாணி. இவருக்கு எது ஆகும்?

ஜூன் 4, புதன்

தேர்வாய் கண்டிகை, கம்பெனி. லேபிள் ஒட்டும் வேலை. இரண்டு டின்னையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

அன்னாசி: சர்க்கரைப் பாகு. இவருக்கு சுகரும் இருக்கிறது.

பட்டாணி: நார்ச்சத்து, புரதம் கூட. ஆனால் உப்புத் தண்ணீர். உப்பு என்றால் தாகம், தாகம் என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் கால் வீக்கம்.

வைட்டமின் சி பழத்தில் கொஞ்சம் மிஞ்சும். புளிப்பு இருப்பதால் அதற்குச் சூடு குறைவு. காயை அதிகச் சூட்டில் வேகவைக்கிறோம், நிறையப் போய்விடும்.

பக்கத்து மேஜை கலா: "இன்னாக்கா, பரீட்சைக்குப் படிச்சுக்கினு கீறியா?"

நல்ல உடம்புக்கு இரண்டுமே பரவாயில்லை. இவர் உடம்புக்கு இரண்டிலும் பயம்.

ஜூன் 5, வியாழன்

மறுபடி ஆஸ்பத்திரி. டயட் மேடம் பொறுமையாகச் சொன்னார். "ரெண்டுமே கொஞ்சம் குடுக்கலாம்மா. டின்ல இருக்கிற தண்ணிய மட்டும் கொட்டிடுங்க. பொட்டாசியம் அதுல எறங்கியிருக்கும். கழுவிட்டுக் குடுங்க. பழம் ரெண்டு துண்டு போதும்."

சாயங்காலம் அன்னாசி. வடித்து, கழுவி, இரண்டு துண்டு. வாயில் வைத்து நெடுநேரம் மென்றார். "பழம் மாதிரியே இல்ல. ஆனா நல்லாக்கீது."

பாகைக் கொட்ட மனசில்லை. மூடி வைத்தேன்.

ஜூன் 6, வெள்ளி

வேலை முடிந்து வந்தால், தரையில் உட்கார்ந்திருக்கிறார். உதடு பிசுபிசுப்பு. பாகுப் பாத்திரம் காலி. குடத்திலும் பாதிதான் தண்ணீர். மூச்சு இரைக்கிறது, பேச்சு வரவில்லை. கலா வீட்டுக்காரர் வண்டி கொண்டுவந்தார்.

ஜூன் 7, சனி

வார்டு. மூச்சு சீராகிவிட்டது. திட்ட வாயெடுத்தேன், அவரே பேசினார்.

"தாகம் மேரி. லாரில போச்சொல்லோ எங்கனா நிறுத்திட்டு வயிறு முட்டத் தண்ணி குடிப்பேன். அத நெனச்சுக்கினு குடிச்சிட்டேன். சாவணும்னு இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து: "இனிமே ஊசி வேணாம். ஊட்டுக்கு இட்டுக்கினு போயிடு."

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும், எவ்வளவு சீக்கிரம் ஆகும், எல்லாம் சொன்னார். இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மனசு மாறவில்லை.

ஜூன் 9, திங்கள்

வீடு. கெஞ்சிப் பார்த்தேன். காலைப் பிடித்தேன்.

"போய்க்கினு வந்துகினு எவ்ளோ நாளு? வந்து படுத்தா எழுந்துக்க முடியல. என்னை உட்ரு மேரி."

ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. எழுந்துவிட்டேன்.

பால் திரிந்துவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ வந்து நின்றது. சட்டையை எடுத்து நீட்டினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஹாரன். நின்றுகொண்டே இருந்தேன். மறுபடி ஹாரன்.

வெளியே போய், "இன்னிக்கு வேணாண்ணா" என்றேன்.

"அப்போ வியாழக்கெழமை வரட்டுமா?"

ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

பட்டாணிக் குழம்பு வைத்தேன். உப்பு, புளி, காரம், எதையும் குறைக்கவில்லை. ஒரே சட்டி, இரண்டு பேருக்கும். தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் அடித்தது. எடுக்கவில்லை.