தலை மட்டும் நலமில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வயிற்றில் இருப்பதும் நலம். உதைக்கிற உதையைப் பார்த்தால் என்னைவிட நலம். தலை மட்டும் நலமில்லை.

நான் அனுப்பிய செய்தி எதற்கும் நீ பதில் போடவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. ஆனால் போன வாரம் ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் அகலப் பல் வைத்த மரச்சீப்பு ஒன்று, வழவழப்பான துணியில் தைத்த தலையணை உறை ஒன்று. துண்டுச் சீட்டுகூட இல்லை. அனுப்பியவர் என்கிற இடத்தில் உன் முகவரி இருந்தது. அதை வைத்துத்தான் எழுதுகிறேன். பேச மாட்டாளாம், சீப்பு மட்டும் அனுப்புவாளாம். நல்ல அக்கா போ.

ஆனாலும் என் நிலைமையைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாய். குழந்தை உண்டாகியிருப்பது தெரிந்ததுமே டாக்டரம்மா சொல்லிவிட்டார், பிள்ளை பிறக்கும்வரை முடியை நேராக்குகிற மருந்து போடக் கூடாது என்று. நிறுத்திவிட்டேன். இப்போது வேர்ப்பக்கம் நம் சுருட்டை நாலு விரல் அளவுக்கு முளைத்துவிட்டது. அதற்குக் கீழே பழைய நேர்முடி உயிரில்லாமல் தொங்குகிறது. ஒரே தலையில் இரண்டு பேர் குடித்தனம், இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டும் சேருகிற இடத்தில் சீப்பு பட்டால் போதும், டக்கென்று ஒடிகிறது. தினமும் தரையில் கூட்டி அள்ளுகிறேன். கொஞ்சம் கொஞ்சமாக நுனியை வெட்டிவிட்டால் ஒடிவது குறையும் என்கிறார்கள். கத்தரிக்கோலை எடுப்பேன், பார்ப்பேன், திரும்ப வைத்துவிடுவேன்.

நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடை. எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் பார்க்கிற கண்ணாடிதான். வருகிறவர்கள் பிரேமைப் போட்டுப் பார்ப்பதற்கு வைத்தது. நான் நாள் முழுக்க என் தலையைப் பார்த்து நொந்துகொண்டிருக்கிறேன். முதலாளியம்மா தங்கமானவர்தான். ஆனால் நேற்று ஒரு ஸ்கார்ஃபைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, வாடிக்கையாளர் முன்னால் நிற்கும்போது கட்டிக்கொள் என்றார். பார்லர்க்காரி வேறு வழியில் மறித்து, கர்ப்பிணிகளுக்கென்றே புது மருந்து வந்திருக்கிறது, வாடையே வராது, ஒன்றும் ஆகாது என்கிறாள். ஆசை வந்தது அக்கா, பொய் சொல்ல மாட்டேன். மறுநாளிலிருந்து அந்தத் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

என் வீட்டுக்காரர் கப்பலில் இருக்கிறார். துறைமுகத்தில் நின்றால் பேசுவார். பிரசவத்துக்குள் வந்து சேர முடியாது என்று இப்போதே தெரிந்துவிட்டது. போனில் முகம் காட்டச் சொன்னால் புருவத்திலிருந்து தாடைவரை மட்டும் காட்டுகிறேன். தலை எங்கே என்கிறார். சிக்னல் சரியில்லை என்கிறேன். அவர் சிரித்துவிட்டு வைத்துவிடுவார். அதற்கப்புறம் வீட்டில் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும்தான் எனக்குத் துணை.

தலைக்குக் குளிப்பதுதான் பெரும்பாடு. குனிந்தால் வயிறு இடிக்கிறது. நிமிர்ந்து ஊற்றினால் பிடரியில் நுரை அப்படியே நிற்கிறது. ஒரு ஸ்டூலில் நான், இன்னொரு ஸ்டூலில் பக்கெட், ஒரு கையால் மொண்டு ஊற்றி மறு கையால் அலசுகிறேன். ஈரத்தோடே கண்டிஷனர் தடவி, பாகம் பாகமாகப் பிரித்து, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்கிறேன். உன் சீப்பு நன்றாக ஓடுகிறது. பின்னந்தலைக்கு மட்டும் கை எட்டவில்லை. எட்டாத இடத்தில் சிக்கு கட்டியாகிவிட்டது. முந்தாநாள் அதை இழுத்துக்கொண்டே அழுதேன். வலிக்கு அழவில்லை. பின்னால் யாருமே இல்லையே என்று அழுதேன். அம்மா போன பிறகு என் பின்னந்தலைக்கு நீதானே பொறுப்பு.

வா அக்கா. பிரசவத்துக்கு வந்து கூட இரு. நீ என்ன சொல்வாய் என்று தெரியும். என் கல்யாணத்தன்று மண்டப வாசலோடு திரும்பிப் போனவள் அல்லவா நீ. என் கை பட்டது எதுவும் விளங்காதுடி, நீயாவது நல்லா இரு என்று சொல்லிவிட்டுப் போனாய். உன் பெண் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அடங்கிப் போனதற்கு, அதற்கு முந்தின வாரம் நீ பார்லரில் போட்ட மருந்துதான் காரணம் என்று நீயே தீர்ப்பு சொல்லிக்கொண்டாய். மாமா வீட்டில் இரு என்று யாரும் சொல்லவில்லை, நீயும் நிற்கவில்லை. இப்போது ஏதோ ஒரு சலவை ஆலையில் யார் யார் படுக்கை விரிப்புக்கோ இஸ்திரி போடுகிறாய். கூடப் பிறந்தவள் இங்கே சிக்குத் தலையோடு உட்கார்ந்திருக்கிறேன். இது உனக்கே அடுக்குமா?

உனக்குப் பதில் போடுகிற நல்ல புத்தி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உன் குருவிக்கூடு.


அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்துக்கும் பதில் இல்லை. அது இருக்கட்டும். இந்தக் கடிதத்தை வேலைக்கு நடுவில் பிரிக்காதே. அறைக்குப் போய், உட்கார்ந்து, நிதானமாகப் படி. என்னால் நிதானமாக எழுத முடியுமா என்று தெரியவில்லை. காலையிலிருந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்குப் பெயர் பதியப் போனேன். அங்கே இருந்த நர்ஸை நான் இதற்கு முன்னால் பார்த்ததில்லை. கறார் பேர்வழி. உட்காரு என்று சொல்வதே திட்டுகிற மாதிரி இருந்தது. தலையில் முதலாளியம்மா கொடுத்த ஸ்கார்ஃப் கட்டியிருந்தேன், முடி வெளியே தெரியவில்லை. சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், இந்த மாதங்களில் ஏதாவது மருந்து போட்டாயா என்றார். நான் வெகுளியாக, ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை போட்டேன், டாக்டரம்மா சொன்னதும் விட்டுவிட்டேன் என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அதுவரை இருந்த குரலே மாறிப்போய், வேண்டாம் என்று நினைத்தா போட்டாய் என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம், எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது என்றேன். உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்றார். அவர்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டார், முடிகிறவரை வெளியே காத்துக்கொண்டிருந்தார் என்றேன். அந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. போய் டாக்டரம்மாவையே கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மாவுக்குத்தான் என் கதை தெரியுமே. உள்ளே நுழையும்போதே, அந்தத் துணியை அவிழ்த்து இவருக்கு உன் தலையைக் காட்டும்மா என்றார். காட்டினேன். நர்ஸ் பார்த்தார், நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "நான் என்னென்னவோ நினைச்சுட்டேம்மா. மருந்து போட்டேன்னு ஒரு பொண்ணு சொன்னா, கருவைக் கலைக்கப் போட்டான்னுதான் நாங்க எடுத்துக்குவோம்" என்றார். டாக்டரம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். பாதியில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அக்கா, உன் பிள்ளை போன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் வெந்நீர் பிளாஸ்க்கோடு உன் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே உன் மாமியார் இருந்தார். நீ அழுதுகொண்டே, நான் மருந்து போட்டேன், அதனாலதான் போயிடுச்சு என்று சொன்னாய். என்னடி சொல்றே, மருந்து போட்டியா என்று அவர் கேட்டார். போட்டேன் என்றாய். என்ன மருந்து என்று அவர் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. அப்புறம் மாமா உள்ளே போனார். கதவு திறந்தேதான் இருந்தது. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏன் போட்டே?"

"அழகா இருக்கணும்னுதான்."

இப்போது புரிகிறதா? நீ சொன்னது தலையை. அவர் கேட்டது வயிற்றை. நமக்கு மருந்து என்றால் தலை மருந்துதான். அம்மா இருந்த காலத்திலிருந்து அப்படித்தான் சொல்வோம். இன்றைக்கு மருந்து போடுகிற நாள், அடுப்படிக்கு வராதே என்பார் அம்மா. ஆனால் அந்த வீட்டுக்கு இது எங்கே தெரியும்? பெண் பார்க்க வருவதற்கு முன்னாலேயே உன் தலை நேராகிவிட்டது. நம் சுருட்டையை அவர்கள் யாரும் கண்ணால் கண்டதில்லை. நேராகத்தான் பிறந்தாய் என்று நினைத்திருப்பார்கள். மறைக்க வேண்டும் என்று யாரும் மறைக்கவில்லை, பேச்சு வரவில்லை, அவ்வளவுதான்.

வயிற்றுப் பிள்ளையைக் கொன்றவள் என்று உன் மாமியார் சொன்னதை நாம் எல்லோரும் எப்படி எடுத்துக்கொண்டோம்? ஒரு பார்லர் மருந்துக்கு இவ்வளவு பெரிய வார்த்தையா என்று நான் பல்லைக் கடித்தேன். நீ ஆமாம் என்று தலையைக் குனிந்துகொண்டாய். அவர்களோ, உடம்பின் அழகு கெட்டுவிடும் என்று எட்டு மாதப் பிள்ளையைக் கலைத்தவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இன்றுவரை. மாமா உன் முகத்தைப் பார்க்காமலே எழுந்து போனது ஏன் என்று எனக்கு நேற்றுதான் விளங்கியது. எனக்கு அவர் மேல் கோபம் வருகிறது. இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் இல்லையா? ஒரே ஒரு கேள்வி. உன் மேலும்தான் கோபம் வருகிறது. எதைச் சொன்னாலும் ஆமாம் என்று ஒத்துக்கொள்வதற்கா நீ பிறந்தாய்?

நான் அங்கேயே டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். யாருக்கு என்று சொல்லாமல்தான் ஆரம்பித்தேன். பாதியிலேயே அழுகை வந்து, எங்க அக்காவுக்கு என்று சொல்லிவிட்டேன். அவர் அவசரப்படவில்லை. எத்தனையோ பெண்கள் தெரியாமல் போட்டுக்கொண்டு நல்லபடியாகப் பெற்றுப் போகிறார்கள் என்றார். தான் வேண்டாம் என்று சொல்வது முன்ஜாக்கிரதைக்கு, சரியாகத் தெரியாத ஒன்றில் எதற்கு விஷப்பரீட்சை என்று. காரணமே பிடிபடாமல் போகிற குழந்தைகள் உண்டு என்றார். அப்புறம் ஒன்று சொன்னார். அதை அவர் வாய்ச்சொல்லாகவே எழுதுகிறேன். "அந்த மருந்தாலதான் போச்சுன்னு எந்த டாக்டராவது உங்க அக்காகிட்ட சொன்னாங்களா? இல்லேல்ல? அப்ப அவங்க எதுக்கு அதைச் சுமக்கணும்?"

யாரும் சொல்லவில்லை அக்கா. நான் யோசித்துப் பார்த்தேன். எந்த டாக்டரும் சொல்லவில்லை. நீயாகச் சொன்னாய், அந்த வீடு பிடித்துக்கொண்டது.

மாமாவுக்கு இதை நான் சொல்லவில்லை. நம்பர் இருக்கிறது, விரல் துறுதுறுக்கிறது, ஆனாலும் சொல்ல மாட்டேன். சொல்வதா, அப்படியே விடுவதா என்பது உன் பாடு. நீ சொல்லச் சொன்னால் அடுத்த நிமிஷம் சொல்வேன், நன்றாகக் கேட்கிற மாதிரியும் சொல்வேன்.

நேற்று வீட்டுக்கு வந்து உன் சீப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் நீ ஒருத்தியாக எந்த அறையில், யாரிடம் பேசி, எப்படி இருந்தாய் என்று நினைத்தேன். நானாவது ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு பேரிடம் கேள்வி கேட்கிறேன். நீ யாரிடம் கேட்டாய்? கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உள்ளே இருந்தது ஒரு உதை விட்டது. சரி, அழவில்லை என்று அதனிடம் சொன்னேன்.

இனி ஆகவேண்டியதைச் சொல்கிறேன். பிரசவ அறைக்குப் போகும்போது முடியை நடுவில் வகிடெடுத்து இரட்டையாக இறுக்கிப் பின்னியிருக்க வேண்டுமாம். மல்லாந்து படுக்கும்போது கொண்டையோ ஒற்றைப் பின்னலோ பின்னால் உறுத்தும் என்கிறார்கள். என் தலை இருக்கிற இருப்புக்கு நான் பின்னினால் மேலே பிதுங்குகிறது, கீழே நழுவுகிறது. வேறு யாராவது பின்னினால் ஒடித்துவிடுவார்கள். சுருட்டையையும் தெரிந்து, நேரையும் தெரிந்து, இரண்டையும் சேர்த்துப் பின்னத் தெரிந்த ஆள் எனக்கு ஒருத்திதான். உன் ஆலையில் லீவு கேள். தரமாட்டார்கள் என்றால் என் பெயரைச் சொல்லிச் சண்டை போடு.

இன்னொரு விஷயம். கிளம்பும் முன்னால் அந்த நர்ஸ், பிரசவத்தின்போது கூட யார் இருப்பார்கள் என்று கேட்டார். எங்க அக்கா என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். அவர் விடவில்லை. உள்ளே வருகிறவர்கள் பாதியில் மயங்கி விழுந்தால் எங்களுக்குத்தான் வேலை, அவருக்குப் பிள்ளை பெற்ற அனுபவம் உண்டா என்று கேட்டார்.

"உண்டு. ஒரு பொண்ணு பெத்திருக்காங்க" என்றேன்.

எழுதிக்கொண்டார். சீக்கிரம் வா அக்கா.

உன் வரவை எதிர்பார்க்கும்,
தங்கை.