டயர் ஒன்றும் வெடிக்கவில்லை

முரியாயே,
பிப்ரவரி 6, 1989

அன்பு மகள் லூசிமாருக்கு, உன் அப்பா நிவால்டோ எழுதுவது.

இங்கே நாங்கள் இருவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. என்னைத் திட்ட இப்போது பஞ்சர் கடை வரைக்கும் நடந்தே வருகிறாள்.

உன் கடிதம் கிடைத்தது. கல்யாணத்துக்கு அப்பா அவ்வளவு தூரம் அலைய வேண்டாம், தேவாலய வாசலிலிருந்து பீடம் வரைக்கும் ரெனானின் மாமா கைபிடித்துக் கூட்டிப் போவார் என்று எழுதியிருக்கிறாய். எனக்குக் கோபமில்லை. ஆனால் அவரிடம் சரி சொல்வதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

அன்றைக்கு நான் போனில் சொன்ன மாதிரி எங்கள் பஸ்ஸில் டயர் ஒன்றும் வெடிக்கவில்லை. நான் ரியோவுக்கு வந்தேன். கோபகபானா கடற்கரையில், நீ நிற்கச் சொன்ன அதே காவல் கோபுரத்துக்கு முப்பது அடி தள்ளித்தான் இருந்தேன்.

டோனா சுலெய்டே கூட்டிப்போகிற ஒருநாள் பயணம் உனக்குத் தெரியாததா? காலையில் கடற்கரையில் கொட்டி, சாயங்காலம் அள்ளிக்கொண்டு திரும்புவது. அறை கிடையாது. பஸ்ஸுக்குள்ளேயே துண்டைச் சுற்றிக்கொண்டு உடை மாற்றினோம். குடை, பாய், குடிதண்ணீர் எல்லாம் வீட்டுச் சாமான். அம்மா கோழியைப் பொரித்து, வறுத்த மரவள்ளி மாவுக்குள் புதைத்து, பெரிய குண்டானில் கட்டிக் கொடுத்திருந்தாள். நீச்சல் தெரியாத எனக்குத் துணையாகக் கடையிலிருந்து ஒரு லாரி ட்யூப். சட்டையைக் கழற்றினால் கையும் கழுத்தும் கறுப்பு, வயிறு வெள்ளை. இரண்டு ஆளை வெட்டி ஒட்டியது மாதிரி இருந்தேன்.

நாங்கள் இறங்கும்போதே பக்கத்துக் குடையிலிருந்து ஒருத்தன், மாவு மூட்டைங்க வந்தாச்சு, கோழிய எண்ணிப் பாருங்கப்பா, வழியில ஒண்ணு எறங்கிப் போயிருக்கப் போவுது என்றான். வேறு நாளாக இருந்தால், ஆமாப்பா, உன்னைப் பாத்துட்டு அண்ணான்னு கட்டிக்கிட்டு அழுதுச்சு என்று திருப்பிக் கொடுத்திருப்பேன். அதற்குள் உன்னைப் பார்த்துவிட்டேன்.

நீயும் ரெனானும் வந்தீர்கள். கூடவே அவன் அப்பா, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். தொப்பி வைத்திருந்தது அவன் அம்மா டோனா எலோயீசா என்று, போட்டோவில் பார்த்திருந்ததால் தெரிந்தது. சம்பந்தி வீட்டார் என்னை முதல்முதலாகப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று தெரியும். நான் என் குண்டானைப் பார்த்தேன். ட்யூபைப் பார்த்தேன். கால் நகரவில்லை.

எங்களோடு பஸ்ஸில் வந்த பேக்கரி வால்திர் என் விலாவில் இடித்து, டேய் நிவால்டோ, அது உன் பொண்ணுதானே என்று கேட்டான். இல்லப்பா, என் பொண்ணு இதவிடக் குட்டை என்றேன்.

அதைச் சொன்ன வாயோடு தண்ணீரில் இறங்கினேன். ட்யூபை முகத்துக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு இடுப்பளவு ஆழத்தில் நின்றேன். அலை வந்து அறையும்போதெல்லாம் சரியாத்தான் அறையுது என்று தோன்றியது. நீ அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே நெற்றியில் கைவைத்து பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய். மூன்று மணி நேரம், மகளே. பிறகு உட்கார்ந்து, பையிலிருந்து துணி சுற்றிய ஒரு பாத்திரத்தை எடுத்துத் திறந்தாய். கோழியும் மாவும். எனக்காக நீயே செய்து கொண்டுவந்திருக்கிறாய். டோனா எலோயீசா கையாலேயே எடுத்துச் சாப்பிட்டு, விரலையும் நக்கினார்.

அப்போதாவது வந்திருக்க வேண்டும். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? கடலுக்குள் இருந்து என்றா?

சாயங்காலம் பொதுத் தொலைபேசியிலிருந்து உன் விடுதிக்குப் பேசினேன். முப்பது வருஷமாக டயர் ஒட்டுகிறவனுக்கு வேறு பொய் வரவில்லை. நீ, பரவாயில்லப்பா, உங்களுக்கு ஒண்ணும் அடிபடலையே என்றுதான் கேட்டாய்.

நேற்றுதான் அம்மாவிடம் சொன்னேன். உன்னப் பாத்து அவ வெக்கப்படுவான்னு யாருய்யா சொன்னது, நீயாத்தானே சொல்லிக்கிட்ட என்றாள். அதோடு சரி. இன்று காலை காபி நானே போட்டுக்கொண்டேன், சர்க்கரை எங்கே என்று கேட்கத் தைரியம் இல்லாமல்.

அவள் சொன்னதுதான் சரி. உன்னை இழிவாக நினைத்தது அந்தக் குடைக்காரன் இல்லை, நான்.

இதை ரெனான் வீட்டில் நீயே படித்துக் காட்டினாலும் சரி. சிரிக்கட்டும். மே மாதம் கல்யாணத்துக்கு நான் வரலாமா, எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் எழுது. மாமாதான் என்றால் கடைசி வரிசையில் நிற்கிறேன். இந்த முறை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

இன்னும் ஒன்று. அன்று போனை வைக்கும் முன், எப்போதும்போல, ஆசி குடுங்கப்பா என்று கேட்டாய். போனில் போடுகிற வில்லை தீர்ந்துவிட்டது என்று வைத்துவிட்டேன். கையில் இன்னும் இரண்டு இருந்தன. அந்தப் பொய்யோடு கடவுள் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது சொல்கிறேன். கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், மகளே. ஒரு முறை பக்கத்தில் நின்று சொல்ல விடு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா
நிவால்டோ