பீரோக் கதவுக்குப் பின்னால்

12.4.2025

அஃப்ரித் தானாக நடக்கிற மெஷின் ஒன்று செய்து, சென்னையில் பள்ளிக்கூடங்களுக்கு இடையே நடந்த போட்டியில் கோப்பை வாங்கிவிட்டான். ஹாஃபிஸா குர்ஆனை முழுதும் ஓதி முடித்தாள், ஓட்டப்பந்தயத்திலும் இரண்டாவதாக வந்திருக்கிறாள். ஓதுகிற பிள்ளை ஓடவும் செய்கிறது, மாஷா அல்லாஹ். சின்னவன் இஃப்திகார் ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்தவன் விடவே இல்லையாம், டீச்சர் வந்து பிடுங்கினார்களாம். அதுவும் ஒரு கெட்டிக்காரத்தனம்தானே? மூன்றும் என் மகன் சதக்கின் பிள்ளைகள். எதிர்வீட்டு நாகஜோதியிடம் சொல்லிவிட்டேன். மீன்காரியிடமும் சொன்னேன். "நேத்தும் இதைத்தான் சொன்னீக லாத்தா, மீனு வேணுமா வேணாமா?" என்கிறாள்.

மருமகள் சூஃபியா கோப்பையோடு எடுத்த படத்தைப் போனில் அனுப்பியிருந்தாள். "படம் எதுக்கும்மா, ஆளுகளக் கூட்டிக்கிட்டு வா" என்றேன். லீவுக்கு வருகிறார்களாம்.

15.4

அஞ்சாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். மச்சான் சவூதியில், தமாமில் வேலை பார்த்த காலம் முழுக்க அவருக்குக் கடுதாசி போட்டுப் போட்டுத்தான் எழுத்து படிந்தது. இப்போது அவர் ஒரேயடியாகப் பெரியபட்டினம் வந்துவிட்டார். இனி யாருக்கு எழுத? இதில் எழுதுகிறேன்.

கல்யாணமாகி இப்போதுதான் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். பேச்சுத்தான் இல்லை. சோற்றுக்கு உட்கார்ந்தால் "தண்ணி" என்பார். மற்ற பேச்செல்லாம் பீரோவோடு. கதவின் உள்பக்கம் எல்லார் படத்தையும் ஒட்டி வைத்திருக்கிறார். அசர் தொழுதுவிட்டு வந்து கதவைத் திறந்து அதன் பின்னால் நின்றுகொள்வார். வெளியே கால் மட்டும் தெரியும். முதலில் சட்டை தேடுகிறார் என்றுதான் நினைத்தேன். "என்னம்மா ஹாஃபிஸா, சாப்பிட்டியா?" என்று குரல் வந்தது.

என் படமும் அங்கே உண்டு. கல்யாணப் புதுசில் எடுத்தது. அதோடும் பேசுகிறார். என்னோடு பேசுவதைவிடக் கூட.

3.5

வந்துவிட்டார்கள்! அஃப்ரித் அவன் வாப்பாவைவிட வளர்ந்துவிட்டான். வட்டலப்பம் செய்தேன், நண்டு வாங்கினேன், வீடே நிறைந்து கிடக்கிறது.

மச்சான் வாசலில் நின்று சதக்கிடம், "ரயில்ல கூட்டமா?" என்றார்.

"இல்ல வாப்பா."

முடிந்தது. பேரப்பிள்ளைகளின் தலையைக்கூடத் தொடவில்லை. பள்ளிவாசலுக்குப் போவதாகச் செருப்பை மாட்டிவிட்டார். பாங்கு சொல்லவே இன்னும் நேரம் கிடந்தது.

5.5

சதக் வேன் பிடித்து எல்லாரையும் அரியமான் கடற்கரைக்குக் கூட்டிப் போனான். பிள்ளைகள் தண்ணீரைவிட்டு வரவில்லை. மச்சான் சவுக்கு நிழலில் வேன் டிரைவரோடு உட்கார்ந்துகொண்டார். இஃப்திகார் மாங்காய்ப் பத்தை ஒன்றைக் கொண்டுபோய் நீட்டினான். வாங்கிக்கொண்டு "ம்" என்றார்.

"பாத்தீங்களா உம்மா? டிரைவர்கிட்ட ஊரு என்ன, புள்ளைக எத்தனைன்னு எல்லாம் கேக்குறாரு" என்றான் சதக். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கண் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது ஹாஃபிஸா என் காதில் கேட்டாள். "வாப்பும்மா, வாப்பிச்சாவுக்கு எங்களைப் பிடிக்காதா?"

"ஒங்கூடத் தினமும் பேசுறாருடி."

"எப்ப?"

அவள் தலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பீரோக் கதவைத் திறந்துவிட்டார். கீழே காலைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சதக் எழுந்து வெளியே போய்விட்டான்.

7.5

அந்தப் படங்கள் இல்லாவிட்டால் பிள்ளைகளைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அப்படித்தானே யாரும் நினைப்பார்கள்? அவர் மதியம் லுஹர் தொழப் போயிருந்தபோது எல்லாவற்றையும் உரித்தேன். மைதாப் பசை. ஈரத்துணி வைத்ததும் மற்றவை வந்துவிட்டன. மூன்று பிள்ளைகளும் ஒன்றாக இருக்கிற படம் மட்டும் வரவில்லை. இஃப்திகார் கைக்குழந்தையாக இருந்தபோது ராமநாதபுரம் ஸ்டுடியோவில் எடுத்தது. இழுத்தேன். கிழிந்துவிட்டது. ஹாஃபிஸா முகம் இரும்பிலேயே நின்றுவிட்டது. மிச்சத்தை என் பெட்டிக்குள் ஒளித்தேன்.

சாயங்காலம் கதவைத் திறந்தார். அப்புறம் ஒரு கத்தல். நான் கேட்டதே இல்லை அவர் அப்படிக் கத்தி.

"எம் புள்ளைகள யாரு எடுத்தது? எம் புள்ளைக எங்க?"

பிள்ளைகள் மூன்றும் அதே அறையில் கேரம் ஆடிக்கொண்டிருக்கின்றன. ஹாஃபிஸா காயைக் கீழே போட்டுவிட்டு அவள் உம்மாவிடம் ஓடினாள்.

சதக் எழுந்தான். "அப்ப இங்கன நிக்கிறது யாரு வாப்பா?"

மச்சான் திரும்பவில்லை. விரலால் கதவைத் தடவிக்கொண்டே நின்றார். நான்தான் எடுத்தேன், நான்தான் என்று சொன்னேன். ரெண்டு பேர் காதிலும் விழவில்லை.

"நான் சின்னதுல இருக்கையில போன்ல 'நல்லாப் படி'ம்பீங்க, வெச்சுருவீங்க. நேர்ல வந்தாப் பேசுவீங்கன்னு இருந்தேன். சரி. ஒங்க புள்ளைக படத்துலயே இருக்கட்டும்."

யா அல்லாஹ், என் கை ஏன் அப்படிச் செய்தது?

8.5

போய்விட்டார்கள். ரயில் டிக்கெட் அடுத்த வாரத்துக்குத்தான் இருந்தது. பஸ்ஸில் போனார்கள். ஏறும்போது சூஃபியா மட்டும் "வாரோம் மாமி" என்றாள்.

9.5

வட்டலப்பத்தில் எறும்பு.

16.5

அஃப்ரித் பத்தாவதில் கணக்கில் நூற்றுக்கு நூறு. சூஃபியா மெசேஜ் போட்டிருந்தாள். நாகஜோதியிடம் இன்னும் சொல்லவில்லை.

7.6

ஹஜ்ஜுப் பெருநாள். வரவில்லை. அஃப்ரித்துக்கு டியூஷனாம். மச்சான் புதுச்சட்டை போட்டுத் தொழுதுவிட்டு வந்து அதே சட்டையோடு படுத்துவிட்டார். பெட்டியிலிருந்த படங்களை அவர் கத்திய அன்றைக்கே எடுத்துக் கொடுத்தேன், வாங்கவில்லை. பீரோவைத் திறப்பதும் இல்லை. சட்டையை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

20.7

கிழிந்த படத்துக்கு இன்னொரு காப்பி கிடைக்குமா என்று, அதைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ராமநாதபுரம் போனோம். ஸ்டுடியோக்காரர், "அது பழைய கம்ப்யூட்டர்ல இருந்துச்சும்மா, அது போச்சு" என்றார். மச்சான் "பரவால்ல தம்பி" என்று அவருக்கு ஆறுதல் சொல்கிறார்!

பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது அவராகவே பேசினார். இந்தப் பக்கம் திரும்பவில்லை, பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே.

"தமாமுல ஒரு ரூம்புல எட்டுப் பேரு, குல்சும். ஆளுக்கொரு இரும்பு அலமாரி. கதவத் தொறந்து வெச்சாத்தான் எனக்குன்னு ஒரு எடம். அதுக்குள்ளதான் நீங்கள்லாம் இருந்தீக."

"இப்பத்தான் வீட்டுக்கே வந்துட்டீகளே மச்சான். புள்ளைகளும் வந்துச்சுகளே."

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை.

"ஒருதடவ லீவுல வந்திருந்தேன். சதக்குக்கு மூணு வயசோ நாலோ. அடுப்படியில ஒன்கிட்டக் கேட்டான், 'இவுக எப்ப உம்மா போவாக?'ன்னு. நீ சிரிச்ச. நான் அறைக்குள்ள கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"வெவரம் தெரியாத புள்ள..."

"தெரியும். இருந்தாலும் எந்தப் புள்ள மொகத்தப் பாத்தாலும் அதைத்தான் கேக்கப் போகுதுன்னு இருக்கு. படத்துல இருக்குறது கேக்காது."

எனக்கு அது ஞாபகமே இல்லை. சிரித்திருக்கிறேன்.

21.7

சதக்குக்குப் போன் பண்ணி எல்லாம் சொன்னேன். "எனக்கு ஞாபகமே இல்லையே உம்மா" என்றான். அரையாண்டு லீவில் பார்க்கலாம் என்றான்.

மச்சானிடம் சொன்னேன். "அப்படியா" என்றார். ராத்திரி இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

4.10

காலாண்டு லீவுக்கு ஊட்டி போனார்களாம். எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருக்கிற படம் போனில் வந்தது. மச்சானிடம் காட்டினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் இருட்டாகிவிட்டது. தட்டினார், வேறு என்னமோ வந்தது. என்னிடமே கொடுத்துவிட்டார். "நிக்க மாட்டேங்குது" என்றார்.

23.12

வட்டலப்பத்துக்கு முட்டை, தேங்காய் எல்லாம் வாங்கியாச்சு. மச்சான் முடி வெட்டிக்கொண்டு வந்தார். கடைக்குப் போய் ஒரு கேரம் பவுடர் டப்பாவும் வாங்கினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. "இஃப்திகாருக்கு ஆடத் தெரியுமா, இல்ல வேடிக்க பாப்பானா?" என்று அவரே கேட்டார்.

26.12

சதக் போன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், நல்ல சேதி என்று நினைத்து.

"வரலை உம்மா. எனக்கு வரணும்னுதான். ஹாஃபிஸா பயப்படுறா. வாப்பிச்சா சத்தம் போடுவாருன்னு சொல்லி ராவெல்லாம் அழுகுறா. புள்ளையக் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வர முடியாது. நீங்க வாப்பாகிட்ட வேற எதாச்சும் சொல்லுங்க."

அவன் வாப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய், மே மாசத்துக்கு அப்புறம் முதல் தடவையாக, பீரோக் கதவைத் திறந்து பின்னால் நின்றார். கால் தெரிந்தது. குரல் வரவில்லை.

2.1.2026

இன்றைக்கும் நின்றார். இன்றைக்கும் குரல் இல்லை.

11.1

இன்று அசருக்குப் பின் நானும் போய் நின்றேன். மச்சான் ஒன்றும் கேட்காமல் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார். இரண்டு பேர் நிற்கிற இடம்தான். ரசகற்பூர உருண்டை வாசம், அத்தர் வாசம். கதவில் பசைக்கறை, நடுவில் ஹாஃபிஸாவின் சின்ன முகம் மட்டும். மற்ற இடமெல்லாம் வெறும் இரும்பு.

"அஃப்ரித்து இங்கன இருந்தான்" என்று விரலை வைத்துக் காட்டினார். அந்த இடத்தைப் பார்த்து, "கணக்குல நூறு வாங்குனியாமே ராசா" என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது. மச்சான் சிரித்தார். "சத்தமாச் சொல்லு, அவனுக்குக் கேக்கணும்ல" என்றார். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் பேசினோம். மஃரிபு பாங்கு வரைக்கும்.

தொழுதுவிட்டுச் சூஃபியாவைக் கூப்பிட்டேன். வரச் சொல்லப் போகிறேன் என்று பயந்தாள்போல, "மாமி, ஸ்கூல் தொறந்துட்டாங்க..." என்று ஆரம்பித்தாள்.

வர வேண்டாம்மா, புள்ளை பயம் தெளியட்டும் என்றேன். அஞ்சு பேரும் ஸ்டுடியோவுக்குப் போய் நின்று புதுசாக ஒரு படம் எடுங்கள். ஹாஃபிஸா நடுவில் நிற்கட்டும், நேராகப் பார்க்கட்டும். போனில் அனுப்பாதே, அது நிற்காது. காகிதத்தில் போட்டு, மடங்காமல் அட்டை வைத்து, தபாலில் அனுப்பு என்றேன்.