மாப்பிள்ளையின் பகல் தூக்கம்

மார்ச் 4
மாப்பிள்ளைக்குச் சர்க்கரை இன்னும் ஏறியிருக்கிறது. இராத்திரி பஸ் ஓட்டுகிற மனிதர். ஜூன் மாதச் சோதனையிலும் இப்படியே இருந்தால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டோம் என்று கம்பெனி டாக்டர் சொல்லிவிட்டாராம். மகள் மாத்திரை டப்பாவை எடுக்கப் போனாள். நான்தான் கேட்டேன்.

"வெளிய இனிப்பு ஏதாவது சாப்பிடுறீங்களா மாப்பிள்ளை?"

"இல்ல அத்தை."

நம்பவில்லை. முதன்முதலாக இந்த வீட்டில் கை நனைத்த அன்று, என் சமையலில் உப்பில்லை என்று சொன்ன வாய் அது. பதினாறு வருஷம் ஆகிறது. உப்பு இருந்தது.

மார்ச் 5
அவர் சட்டைப் பையைத் துழாவினேன். கைக்குட்டை, இருமல் மாத்திரை. இனிப்பு இல்லை. கெட்டிக்காரர்.

மார்ச் 9
மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணாடி போட்ட நர்ஸ் ஒருத்தி, சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல் தூக்கத்தைப் பற்றிக் கேட்டாள். மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"காலைல வந்து படுப்பேன். பன்னெண்டுக்கு அத்தை சாப்பிட எழுப்பிடுவாங்க. அப்புறம் கண்ணு மூடாது."

வேளைக்குச் சோறு போட்டது குற்றமா? வெறும் வயிற்றோடு ஒருத்தரைப் படுக்க விடுவேனா?

"தூக்கம் அறுந்து அறுந்து போனா உடம்பு பதறும்மா. ஈரல் தானா சர்க்கரையை ரத்தத்துல எடுத்து விடும். சாப்பிடாமலே ஏறும். மாத்திரையோட தூக்கத்தையும் சரி பண்ணிப் பாருங்க. எவ்வளவு இறங்கும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன்."

சாப்பிடாமலேயா? வீடு வந்து சேரும்வரை அதே நினைப்பு. ஒரு பொட்டு இனிப்பு நாக்கில் படாமல், உடம்பே உள்ளேயிருந்து எடுத்துக் கொட்டுமா? நான் போய்ச் சட்டைப் பையில் தேடினேனே.

மார்ச் 10
ஜன்னலை மறைத்துக் கம்பளி கட்டினேன். அழைப்பு மணியின் கம்பியைப் பிடுங்கிவிட்டேன். பன்னிரண்டு அடித்ததும் கை தானாகக் கதவைத் தட்டப் போனது. அதை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதா மேல்வீட்டுத் தையல் மெஷின் கடகடக்க வேண்டும்?

மார்ச் 11
அந்தத் தையல்காரியோடு ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. என் ரவிக்கைக்கு இடது கையைக் குட்டையாகத் தைத்துவிட்டு, உன் கைதான் நீளம் என்றவள். இன்று படியேறினேன்.

"மெஷினைச் சாயங்காலமா ஓட்டு. மாப்பிள்ளை தூங்கணும்."

"ரவிக்கைக் கோவம் தீந்துடுச்சாக்கா?"

"தீரல. மெஷினை மட்டும் நிறுத்து."

நிறுத்தினாள்.

ஏப்ரல் 2
கதவை விரலளவு திறந்து பார்த்தேன். வாய் பிளந்திருக்க, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. தூங்குகிறவர்கள் சும்மா கிடக்கிறார்கள் என்றுதான் இத்தனை வயதுவரை நினைத்திருந்தேன். உள்ளே என்ன வேலை நடக்கிறது! ஏவ ஆளில்லை, மேற்பார்வைக்கு ஆளில்லை. ஈரல் தன் பாட்டுக்கு, இருதயம் தன் பாட்டுக்கு. இவரைப் பெற்றவளுக்காவது இது தெரிந்திருக்குமா? கால் மரத்துப்போகும்வரை நின்றேன்.

மே 17
இரண்டு மணிக்குமேல் தானாக எழுந்து வந்தார். "பசிக்குது அத்தை" என்றார்.

பதினாறு வருஷத்தில் இந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. பசிக்க விட்டால்தானே.

ஜூன் 10
இறங்கிவிட்டது. முழுக்க இல்லை. ஆனால் பஸ் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதே சோறு, அதே மாத்திரை. தூக்கம் மட்டும்தான் காரணமென்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அதற்குப் பங்கு இருக்கும் என்றாளாம் நர்ஸ். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"மருந்தை மாத்தினீங்களா?" என்று கம்பெனி டாக்டர் கேட்டதற்கு, "மருந்து அதேதான் சார். மாமியாரைத்தான் மாத்தினோம்" என்றாராம் இவர். மகள் சிரித்து மாளவில்லை.

இதையும் நான் மறக்கமாட்டேன்.

ஜூன் 12
எப்போதும் அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நான் உட்காருவேன். இன்று என் தட்டை முதலில் போட்டுக்கொண்டேன். சோறு சூடாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு சீராகப் போய் வந்துகொண்டிருந்தது. மெதுவாக மென்று சாப்பிட்டேன்.