பட்டை ஒட்டிக்கொண்டது

ஜூன் 3

அன்புள்ள கட்டிங் மாஸ்டர் அம்மணிக்கு,

நான் நலம். போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை, கடிதமே மேல் என்றாய். எழுதிவிட்டேன். என் கையெழுத்தைப் படிக்கிற தண்டனை உனக்கு.

பார்சலில் இருப்பது எங்கள் ஆய்வுக்கூடத்துப் பட்டை. ரப்பர் மாதிரி இழுபடும். மணிக்கட்டில் கட்டினால் நாடித் துடிப்பை என் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அறுந்தால் பயப்படாதே. இரண்டு முனையையும் சேர்த்துப் பிடி, தானே ஒட்டிக்கொள்ளும், உள்ளே ஓடும் மின்பாதையும் சேர்ந்துவிடும். இங்கே இருப்பவர்கள் எல்லோரும் நாற்காலியைத் தேய்ப்பவர்கள். நாள் முழுக்கத் துணி வெட்டுகிற கை உன்னுடையதுதான். கட்டிக்கொள்வாயா?

வீடு நீ விட்டுப்போனபடியே இருக்கிறது, கூடுதலாகக் கொஞ்சம் தூசி.

உன்,
ரப்பர் டாக்டர்

ஜூன் 11

அன்புள்ள ரப்பர் டாக்டருக்கு,

கட்டிக்கொண்டேன். தையல் பெண்கள், "என்னக்கா, புது வளையலா?" என்று கிண்டல் செய்தார்கள். "வீட்டுக்காரர் அனுப்பினது" என்றேன். இங்கே வந்து ஆறு மாதமாக உங்களைப் பற்றி வாயே திறக்காதவள் நான். மிஷினெல்லாம் ஒரு நிமிஷம் நின்றுபோனது.

ஒரு விஷயம். என்னை இங்கே நிரந்தரமாக்குகிறார்களாம். இந்த வாரக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்றால் இனி இந்த ஊர்தான். என்ன சொல்லட்டும்?

நேற்று பிளேடு மாற்றும்போது நழுவிப் பட்டையை அறுத்துவிட்டது. சேர்த்துப் பிடித்ததும் ஒட்டிக்கொண்டது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மாஸ்டர்

ஜூன் 14

அன்பு மாஸ்டருக்கு,

உன் கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் தலைவர் எழுந்து வந்து கை குலுக்கினார்! உடனே எழுது. நேராக அறுந்ததா, சாய்வாகவா? ஒட்ட எவ்வளவு நேரம் ஆயிற்று? வெட்டில் பஞ்சு, ஈரம் ஏதாவது பட்டதா? ஒட்டியபின் சாயங்காலம் வரை உன் நாடி தறிகெட்டு ஓடியதாகக் காட்டுகிறது. சென்சார் கோளாறு என்று குறித்திருக்கிறோம்.

உன் கையெழுத்து என்னுடையதைவிட மோசமாகிவிட்டதில் எனக்குப் பெரிய ஆறுதல். வேலை விஷயம் பிறகு விவரமாக எழுதுகிறேன்.

அவசரத்தில்,
ரப்பர் டாக்டர்

ஜூன் 17

டாக்டருக்கு,

சாய்வாக அறுந்தது. டீ நேரத்துக்குள் ஒட்டிவிட்டது. ஈரம் பட்டது, அது ரத்தம். பக்கத்து மேஜைப் பெண்தான் துடைத்துவிட்டு, மற்றக் கையில் சுற்றி முனைகளைச் சேர்த்துப் பிடித்தாள். பட்டையை அறுத்த பிளேடு பட்டையோடு நிற்குமா? மணிக்கட்டில் தையல் போட்டிருக்கிறார்கள். போன கடிதம் இடது கையால் எழுதியது, இதுவும் அப்படித்தான்.

சென்சாரில் கோளாறு இல்லை, அந்தக் குறிப்பை அடித்துவிடுங்கள். என் நாடி உங்கள் மேஜை வரை வந்து அடித்துக்கொண்டது, நீங்கள் மிஷினைச் சந்தேகப்பட்டீர்கள். தையலைவிட அதுதான் வலிக்கிறது.

நிரந்தர வேலைக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். பட்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

மாஸ்டர்

ஜூன் 19

என் அன்புக்குரியவளுக்கு,

விரல்கள் அசைகின்றனவா? படுத்தால் வலி கூடுகிறதா? பாத்திரமெல்லாம் யார் கழுவுகிறார்கள்? ஒரு கையால் எப்படித் தலை வாரிக்கொள்கிறாய்? உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், உட்காரத் தோன்றவில்லை.

வேலைக்குச் சரி சொன்னது நல்லது. நீ கேட்டபோதே நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். லீவு போட்டிருக்கிறேன். தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நானும் கூட வரட்டுமா? வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது, வரமாட்டேன்.

உன் அவர்

ஜூன் 21

அன்புள்ள உங்களுக்கு,

விரல் அசைகிறது, சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. பக்கத்து மேஜைப் பெண் தலை வாரிவிடுகிறாள். அவள் இழுக்கிற இழுப்பில் புருவம் நெற்றிக்கு ஏறிவிடுகிறது.

உங்கள் கடிதத்தில் பட்டை எந்த வரியில் வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டே படித்தேன். முடித்துவிட்டுப் பின்பக்கம் திருப்பினேன், உறைக்குள்ளும் தேடினேன். எங்கேயும் இல்லை. அடிபட்ட அன்றுகூட அழாதவள் அப்போது அழுதேன்.

திங்கட்கிழமை காலையில் தையல் பிரிக்கிறார்கள். வாருங்கள். திரும்பிப் போகிற டிக்கெட்டை இப்போதே எடுக்க வேண்டாம்.

உங்கள்,
மாஸ்டர்