மொம்பாசா விலாசம்

மாதாப்பூர், ஹைதராபாத்
20 நவம்பர் 1999

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் வயிற்றில் இருப்பதும் நலம். நீங்களும் கடலும் சண்டை சச்சரவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தூத்துக்குடியிலிருந்து அம்மா கருப்பட்டியும் கருவாடுமாக வந்து இறங்கிவிட்டாள். கருவாட்டு வாசனைக்கு மாடி வீட்டார் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். அம்மாவுக்கு அதில் ஏகத் திருப்தி.

குஷாய்குடா பட்டறையில் இருக்கும் இயந்திரக் கையை இங்கிருந்தே இயக்கும் வேலை என் உயிரை வாங்கியது உங்களுக்குத் தெரியும். டம்ளர் தண்ணீரை இன்னொரு டம்ளரில் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் என் கட்டளை போய்ச் சேரத் தாமதமாகிறது. கை எங்கே இருக்கிறது என்று எனக்கு வரும் தகவலும் பழசு. அதைப் பார்த்துத் திருத்தினால் கை தாண்டிப் போகும். மறுபடி திருத்தினால் இந்தப் பக்கம் தாண்டும். அங்கே நிற்கும் நூர் முகமது, "நக்கோ மேடம், நக்கோ, வேண்டாம், சட்டையெல்லாம் நனஞ்சு போச்சு" என்று போனில் அலறுவார். வெள்ளிக்கிழமைச் சோதனையிலும் சிந்தினால், நான் பிரசவ விடுப்பில் போனதும் வேலையை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவதாகச் சங்கர் சார் சொல்லிவிட்டார். இரண்டு வருட உழைப்பு, அத்தான். குளியலறையில் போய் அழுதேன்.

வியாழக்கிழமை உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து, முதலில் உறையில் விலாசம் எழுதினேன். கப்பல் அன்று சிங்கப்பூரில். நான் எழுதியதோ மொம்பாசா. கப்பல்காரன் பெண்டாட்டி எவளாவது புருஷன் இருக்கும் துறைமுகத்துக்குக் கடிதம் போடுவாளா? கடிதம் சேரும்போது அவன் எங்கே இருப்பானோ அங்கேதானே போடுவாள். பேனாவை வைத்துவிட்டு ஆபீசுக்கு ஓடினேன். ஓட்டம் என்ன ஓட்டம், வாத்து நடைதான்.

ஏற்கெனவே அனுப்பிய கட்டளைகளை வைத்து, அடுத்தது போய்ச் சேரும் நொடியில் கை எங்கே இருக்கும் என்று கணக்கிட்டேன். அந்த இடத்துக்கு ஏற்ற கட்டளையை அனுப்பினேன். நேற்று எல்லாரும் பார்த்திருக்க, ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. நூர் முகமது அந்தத் தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு, "ஹவ் மேடம், ஹவ்" என்றார். அவர் வாயில் 'நக்கோ' போய் 'ஆமாம்' வந்துவிட்டது. நான் திரும்பி வரும்வரை வேலை எனக்காகக் காத்திருக்குமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த உறையில்தான் இந்தக் கடிதமும் வருகிறது. மொம்பாசாவில் நீங்கள் இதைப் பிரிக்கும்போது டாக்டர் சொன்ன தேதி தாண்டியிருக்கும். அதனால் அன்றைய உங்களுக்கே எழுதுகிறேன். அப்பா ஆனதற்கு வாழ்த்துகள். என்ன குழந்தை என்று தந்தி சொல்லியிருக்கும். மூக்கு உங்களுடையது என்று நான் சொல்கிறேன். எல்லாம் சுகமாக முடிந்தது. நான் கொஞ்சம்கூடப் பயப்படவில்லை.

முருகன் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். நீங்கள் மட்டும் தாமதிக்காமல் வந்துவிடுங்கள். அந்தத் தாமதத்துக்கு என்னிடம் கணக்கு இல்லை.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
கல்பகம்